ரயில் ஒளிப்படங்களை மதிப்பிடுதல்: ஒரு வரலாறு

ரயில் ஒளிப்படக்கலை என்பது ரயில் வண்டிகள், தண்டவாளங்கள், நிலையங்கள், பணிமனைகள், ரயில்வே தொழிலாளர், பயணிகள் ஆகியோரைப் பொருளாகக் கொண்ட ஒளிப்படத் துறை. ரயிலும் ஒளிப்படமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில்பாதை 1830-இல் திறக்கப்பட்டது. பிரான்சில் டாகுவேரின் ஒளிப்பட முறை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து ரயிலைப் படம் பிடிப்போர் இருந்து வருகின்றனர். அவர்களுடைய படங்களில் எது நல்ல படம் என்ற விவாதமும் உடன் நடந்து வருகிறது. இன்று ஆர்வலர்கள் தமக்குள் நட்புமுறையில் நடத்தும் இணையப் போட்டிகளில் நடுவராக அமர்பவரும் அந்த விவாதத்தின் தொடர்ச்சியில்தான் அமர்கிறார். அவர் கையாளும் அளவுகோல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அமெரிக்காவின் பங்கு பெரிது.

தொடக்க காலம்

தொடக்கத்தில் ரயில் படங்களை எடுக்கச் சொன்னவை ரயில்வே நிறுவனங்களே. 1855-இல் பிரான்சின் வடக்கு ரயில்வேயைச் சேர்ந்த பாரன் ஜேம்ஸ் டி ராத்ஸ்சைல்ட், விக்டோரியா அரசிக்குப் பரிசளிப்பதற்காக ஒரு படத்தொகுப்பைத் தயாரிக்கச் செய்தார். பூலோன் முதல் பாரிஸ் வரையிலான ரயில்பாதைக் காட்சிகளை எதுவார் பால்டுஸ் என்ற ஒளிப்படக் கலைஞர் அதற்காக எடுத்தார். அக்காலத்தில் நல்ல ரயில் படம் என்றால் பாலமும் நிலையமும் தெளிவாகத் தெரிய வேண்டும். நிறுவனத்தின் பெருமை வெளிப்பட வேண்டும். அதற்கு மேல் எதிர்பார்ப்பு இல்லை.

அந்நாளைய தொழில்நுட்பமும் அதற்கே இடம் தந்தது. ஈரத்தட்டு முறையில் கண்ணாடித் தட்டின் மீது கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் காயும் முன் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். ஒளிப்படக் கலைஞர் இருட்டறையை வண்டியில் ஏற்றிக்கொண்டே ஊர் ஊராகச் சென்றார். ஒளிபடும் நேரம் சில நொடிகள் வரை நீண்டதால் ஓடும் ரயிலைக் கூர்மையாகப் பிடிக்க இயலாது. எனவே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் படங்களில் பெரும்பாலும் எஞ்சின் நின்றுகொண்டிருக்கும். ஆட்கள் அதன் அருகே அசையாமல் நிற்பார்கள்.

1869 படமும் தேர்வின் பொறுப்பும்

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில்பாதை 1869 மே 10 அன்று யூட்டா பகுதியில் உள்ள புரோமன்டரி சம்மிட் என்னுமிடத்தில் நிறைவடைந்தது. சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் ‘ஜூபிட்டர்’ எஞ்சினும் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் 119ஆம் எண் எஞ்சினும் எதிரெதிரே நின்றன. நடுவில் இரு நிறுவனங்களின் தலைமைப் பொறியாளர்களான சாமுவேல் மான்டேக்கும் கிரென்வில் டாட்ஜும் கைகுலுக்கினர். எஞ்சின்கள் மீது ஏறி நின்றவர்கள் மதுப்புட்டிகளை நீட்டினர். இக்காட்சியை ஆண்ட்ரூ ஜே. ரஸ்ஸல் எடுத்த படம் உலகின் மிகப் புகழ்பெற்ற ரயில் படங்களுள் ஒன்று. பிற்காலத்தில் அச்சான சில பிரதிகளில் மதுப்புட்டிகள் அழிக்கப்பட்டன.

அமைப்பு என்ற முறையில் இப்படத்தில் குறை காண்பது கடினம். இரு எஞ்சின்களும் இரு பக்கத்தையும் சமமாக நிரப்புகின்றன; கூட்டம் நடுவை நோக்கிக் குவிகிறது; பார்ப்பவரின் கண் கைகுலுக்கலில் போய் நிற்கிறது. ஆனால் மேற்குப் பகுதிப் பாதையை அமைத்த தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் சீனர்கள். சியரா நெவாடா மலையில் கருங்கல்லைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்தவர்களும் பனிச்சரிவில் உயிரிழந்தவர்களும் அவர்களில் இருந்தனர். புகழ்பெற்ற அந்தப் படத்தில் அவர்கள் முகம் தெரியும்படி யாரும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே நாளில் ரஸ்ஸல் எடுத்த வேறொரு படத்தில் சீனத் தொழிலாளர்கள் கடைசித் தண்டவாளத்தைப் பதிக்கும் காட்சி இருக்கிறது. எனவே கேமரா அவர்களைப் பார்க்காமல் விடவில்லை. பல படங்களிலிருந்து ஒரு படத்தைத் தேர்ந்து பாடநூல்களிலும் சுவர்களிலும் மீண்டும் மீண்டும் இடம்பெறச் செய்த தேர்வுகளே அவர்களை மறைத்தன. 13 ஆண்டுகள் கழித்து, 1882-இல், சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

2014-இல், பாதை நிறைவின் 145ஆம் ஆண்டு நாளில், கார்க்கி லீ என்ற சீன அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அத்தொழிலாளர்களின் வழித்தோன்றல்களை அதே இடத்தில் திரட்டி, அந்தப் பழைய படத்தின் அமைப்பிலேயே ஒரு புதிய படத்தை எடுத்தார். ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பதும் வரலாறு எழுதுவதன் ஒரு பகுதிதான் என்பதற்கு இந்த இரு படங்களும் சான்று.

முக்கால் பார்வை

1870களிலும் 1880களிலும் உலர்தட்டுகள் பரவின. 20ஆம் நூற்றாண்டில் விரைவான ஷட்டர் கொண்ட கேமராக்கள் வந்தன. ஓடும் ரயிலை உறைய வைப்பது இயலும் செயலாயிற்று. இதன் பின்னரே ரயில் படங்களுக்கு ஒரு பொது இலக்கணம் உருவானது. அமெரிக்காவில் அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் எழுத்தாளரும் ஒளிப்படக் கலைஞருமான லூசியஸ் பீப் (1902 - 1966). அவருடைய ‘ஹை அயர்ன்’ என்னும் நூல் 1938-இல் வெளிவந்தது. பின்னர் அவர் தம் துணைவர் சார்லஸ் கிளெக்குடன் சேர்ந்து பல நூல்களை வெளியிட்டார்.

அந்த இலக்கணம் எளிமையானது. ரயில் பார்ப்பவரை நோக்கிச் சாய்வாக வர வேண்டும். எஞ்சினின் முகப்பும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரிய வேண்டும். இதற்கு முக்கால் பார்வை என்று பெயர். சூரியன் படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். புகை மேலெழுந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். சக்கரங்களை இணைக்கும் இயக்கத் தண்டுகள் கீழ்நிலையில் இருந்தால் சக்கரங்களும் தண்டுகளும் தெளிவாகத் தெரியும் என்பதால் அந்தக் கணமே சிறந்த கணமாகக் கருதப்பட்டது. கம்பமோ மரமோ எஞ்சினை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் மாரிஸ் எர்லி, ஆயர் எரிக் டிரீசி போன்றோரின் படங்களும் இந்த வகையில் புகழ்பெற்றன. வேக்ஃபீல்டு மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த டிரீசி 1978-இல் ஆப்பிள்பி ரயில் நிலையத்திலேயே உயிர் துறந்தார்.

முக்கால் பார்வையைப் பிற்காலத்தார் சலிப்பூட்டுவது என்று ஒதுக்கினர். ஆனால் அதற்கு ஒரு பயன் இருந்தது, இன்றும் இருக்கிறது. எந்த வகை எஞ்சின், எத்தனை சக்கரம், என்ன எண், எத்தனை பெட்டி என்ற விவரங்களை ஒரே படத்தில் தருவதற்கு அதைவிடச் சிறந்த கோணம் இல்லை. உடைக்கப்பட்டு இரும்புக்குப் போன எஞ்சின்களைப் பற்றி இன்று ஆய்வாளர்கள் அறிவதில் பெரும்பகுதி இத்தகைய படங்களால் கிடைத்தது. எனவே ஒரு நடுவர் இவ்வகைப் படத்தை வழக்கமானது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுவது முறையாகாது. பதிவு, கலை என்ற இரு நோக்கங்களில் எதற்காக அப்படம் எடுக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எஞ்சினிலிருந்து மனிதர்களுக்கு

ரயில் என்பது எஞ்சின் மட்டுமன்று என்பதைச் சில கலைஞர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தில் 1890களில் கிரேட் சென்ட்ரல் ரயில்வே லண்டனை நோக்கி நீட்டிக்கப்பட்டபோது, லெஸ்டர் நகரைச் சேர்ந்த எஸ். டபிள்யூ. ஏ. நியூட்டன் மண் வெட்டிய தொழிலாளர்களையும் அவர்கள் குடிசைகளையும் குடும்பங்களையும் படமெடுத்தார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1902-இல் எடுத்த ‘மனிதனின் கை’ என்ற படத்தில் எஞ்சின் சிறிதாகவும் கருமையாகவும் தொலைவில் வருகிறது. புகையும் வளைந்து மின்னும் தண்டவாளங்களுமே அதன் பொருள். பிற்காலத்தின் இலக்கணப்படி அது தோற்ற படம். கலை வரலாற்றில் அதற்கு நிலையான இடம் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகத்துக்காக ஜேக் டெலானோ ரயில்வேயைப் படமெடுத்தார். 1942-43 ஆண்டுகளில் சிகாகோ நகரின் ரயில் முனையங்களிலும் பணிமனைகளிலும் அவர் பணியாற்றினார். 1943 மார்ச்சில் சாண்டா ஃபே ரயில்வே வழியாகச் சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை சென்றார். அயோவா மாநிலத்தின் கிளின்டன் நகர எஞ்சின் கொட்டகையில் எஞ்சின்களைத் துடைக்கும் பணியில் பெண்கள் இருந்தனர். ஆண்கள் போருக்குச் சென்றிருந்த காலம் அது. தலையில் துணி கட்டிய அப்பெண்கள் உணவு இடைவேளையில் அமர்ந்திருக்கும் வண்ணப்படம் டெலானோவின் சிறந்த படங்களுள் ஒன்று. அதில் ஓடும் ரயில் இல்லை. ஆனால் போர்க்கால ரயில்வே யாருடைய உழைப்பால் ஓடியது என்பதை அது சொல்கிறது. இப்படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் எவரும் பார்க்கும் வகையில் உள்ளன.

1940-இல் மில்வாக்கி நகரில் ஆல் கால்ம்பாக் ‘டிரெயின்ஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். 1953 முதல் அதன் ஆசிரியராக இருந்த டேவிட் பி. மார்கன், மருத்துவரும் ஒளிப்படக் கலைஞருமான பிலிப் ஹேஸ்டிங்ஸுடன் 1950களின் நடுவில் எஞ்சியிருந்த நீராவி எஞ்சின்களைத் தேடிப் பயணம் செய்தார். ஹேஸ்டிங்ஸ் ஓட்டுநர்களையும் கொட்டகைகளையும் இரவு நேர நிலையங்களையும் படமெடுத்தார். எந்தப் படத்தை அச்சிடுவது என்று முடிவு செய்யும் இதழாசிரியரே அக்காலத்தின் நடுவர். மார்கனின் தேர்வுகள் ஒரு தலைமுறை ஒளிப்படக் கலைஞர்களின் கண்ணை மாற்றின.

இரவும் ஒளியும்: வின்ஸ்டன் லிங்க்

ஓ. வின்ஸ்டன் லிங்க் (1914 - 2001) நியூயார்க்கில் விளம்பர ஒளிப்படத் தொழில் செய்தவர். 1955-இல் வர்ஜீனியாவில் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி எஞ்சின்களை முதன்முதலில் படமெடுத்தார். நாட்டின் பிற பெரிய ரயில்வேக்களில் பெரும்பாலானவை டீசலுக்கு மாறிவந்த நிலையில் அங்கு நீராவி பெருமளவில் எஞ்சியிருந்தது. 1960 வரை தம் சொந்தச் செலவில் அங்கு சென்று ஏறத்தாழ 2,400 படங்களை எடுத்தார். அவற்றில் பல இரவுப் படங்கள். சூரியன் தமக்கு வேண்டிய இடத்தில் நிற்பதில்லை என்பதால் ஒளியைத் தாமே அமைத்துக்கொண்டார். டசன் கணக்கான ஃபிளாஷ் பல்புகளைக் கம்பியால் இணைத்து ஒரே நேரத்தில் எரியச் செய்தார். ஒவ்வொரு பல்பும் ஒரு முறைதான் எரியும். ரயில் கடக்கும் ஒரு கணத்தில் தவறினால் அன்றைய உழைப்பு வீண்.

1956 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவின் ஈகர் என்ற ஊரில் எடுத்த படம் அவருடைய படங்களில் மிகவும் அறியப்பட்டது. காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு, முன்னால் காரில் ஓர் இணை, திரையில் விமானம், அருகே வெண்புகையுடன் விரையும் சரக்கு ரயில். தேர், குதிரை, ரயில், கார், விமானம் என நீளும் வாகன வரலாற்றின் கடைசி மூன்றும் ஒரே சட்டகத்தில் நிற்கின்றன. ஆனால் திரையில் தெரியும் விமானம் அந்தக் கணத்தில் கேமராவில் பதிவானதன்று. ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெறுமையாகிவிட்டதால், விமானக் காட்சியைத் தனியே படமெடுத்துப் பின்னர் இணைத்தார் லிங்க்.

இன்றைய போட்டி ஒன்றுக்கு இப்படம் வந்தால் என்ன செய்வது? இணைப்புப் படங்களை ஏற்காத விதி இருந்தால் அது தகுதி இழக்கும். ஆனால் திரையில் படம் ஓடியது உண்மை. ரயில் கடந்ததும் உண்மை. கேமராவின் குறையை ஈடு செய்வதற்கும் நிகழாத ஒன்றைப் படைப்பதற்கும் வேறுபாடு உண்டு. இந்த எல்லையைப் போட்டி தொடங்கும் முன்பே விதியில் எழுதிவிடுவதும், செய்த திருத்தத்தை அனுப்புபவர் தாமே சொல்லும்படி கேட்பதும் நடுவரின் பாதிச் சுமையைக் குறைக்கும். ஒரு கம்பத்தைக் கணினியில் அழிப்பது எளிதாகிவிட்ட இக்காலத்தில் 1869 படத்தின் மதுப்புட்டிகளும் நினைவுக்கு வர வேண்டியவை. லிங்க்கின் படங்களுக்கென 2004-இல் வர்ஜீனியாவின் ரோனோக் நகரில், அதே ரயில்வேயின் பழைய பயணியர் நிலையக் கட்டடத்தில், ஒரு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நீராவிக்குப் பின்

நீராவி மறைந்தபோது ரயில் படக்கலையும் முடிந்துவிடும் என்று பலர் எண்ணினர். டீசல் எஞ்சினில் புகையோ தண்டுகளின் அசைவோ பெரிதாக இல்லை. கலிஃபோர்னியாவில் வளர்ந்த ரிச்சர்ட் ஸ்டைன்ஹைமர் (1929 - 2011) இந்த எண்ணத்தை மாற்றினார். பனி பொழியும் டானர் கணவாயிலும், பாலைவனத்திலும், நள்ளிரவிலும் டீசல் ரயில்களைப் படமெடுத்தார். அவர் படங்களில் ரயில் பெரும்பாலும் சிறியது. நிலமும் வானிலையும் பெரியவை. இங்கிலாந்தில் காலின் கிஃபோர்டு நகரத்துச் சுவர்கள், பாலங்கள், நிழலுருவங்கள் நடுவே ரயிலைக் காட்டினார். அங்கு முதன்மை ரயில்பாதைகளில் வழக்கமான நீராவிப் போக்குவரத்து 1968 ஆகஸ்டில் முடிவுற்றது.

போட்டிகளும் நடுவர்களும்

ஆர்வலர்கள் ஒருவர் படத்தை மற்றவர் மதிப்பிடும் வழக்கம் இணையத்துக்கு முந்தியது. பிரிட்டனில் படக்குழுக்கள் ஒரு பெட்டியில் அச்சிட்ட படங்களை இட்டுத் தபாலில் சுற்றுக்கு விட்டன. பெட்டி கைக்கு வந்ததும் உறுப்பினர் பிறர் படங்களுக்குக் கருத்தெழுதி, தம் படத்தைச் சேர்த்து, அடுத்தவருக்கு அனுப்புவார். அதில் வெற்றியைவிடக் கருத்துரையே பெரிய பரிசு. இன்றைய நட்புமுறைப் போட்டிகளின் முன்னோடி இதுவே.

அமெரிக்காவில் ஜான் குரூபர் (1936 - 2018) முயற்சியால் 1997-இல் ரயில் ஒளிப்பட, கலை மையம் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் நிறுவப்பட்டது. இம்மையம் ரயில் படத் தொகுப்புகளைப் பாதுகாக்கிறது. குரூபர் பெயரால் படைப்பாற்றல் மிக்க ஒளிப்படங்களுக்குப் பரிசும் அளிக்கிறது. பரிசுக்கு ஒரு கருப்பொருள் அறிவிக்கப்படுகிறது. கருப்பொருள் இருப்பதால் மிக அரிய எஞ்சினைப் பிடித்தவரே வெல்வார் என்ற நிலை மாறுகிறது.

நடுவர் கவனிக்கும் நுட்பக் கூறுகள் ரயிலுக்கே உரியவை. மின்பாதையில் கம்பம் எஞ்சினின் முகப்பை வெட்டுகிறதா என்று பார்க்கப்படுகிறது. கோடையில் தொலைநோக்கு லென்சில் எடுத்த படங்களில் தண்டவாளத்தின் மேல் எழும் வெப்ப அலை கூர்மையைக் கெடுக்கும். எல்.இ.டி. பெயர்ப்பலகை உண்மையில் விட்டு விட்டு ஒளிர்வது. ஷட்டர் மிக விரைவாக இருந்தால் ஊர்ப்பெயர் பாதி மட்டும் பதிவாகும். ரயிலோடு கேமராவையும் நகர்த்தி எடுக்கும் படத்தில் பின்னணி கலங்கியும் எஞ்சின் கூர்மையாகவும் இருக்க வேண்டும். இவற்றைக் கடந்த பிறகே ஒளி, அமைப்பு, கணம், கதை என்பவை வருகின்றன.

சொந்தச் சாய்வே நடுவருக்கு நேரும் பெரிய இடர். நீராவியை விரும்புபவர் புகையைக் கண்டதும் மதிப்பெண் கூட்டுவார். தம் ஊர் ரயிலைக் கண்டவர் மனம் இளகுவார். எடுத்தவர் பெயரை மறைத்து மதிப்பிடுவது, ஒருவருக்கு மேற்பட்ட நடுவர்களை அமர்த்துவது, முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தருவது ஆகியவை இதற்கான பழைய மருந்துகள். பரிசுத்தொகை இல்லாத போட்டியில் காரணம் சொல்லும் இரண்டு வரிகளே தோற்றவர் எடுத்துச் செல்லும் பயன்.

விதி பொருந்தாத இடம்: நீலகிரி

மேட்டுப்பாளையம் - உதகமண்டலம் மலை ரயில் 46 கி.மீ. நீளமுடையது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே 12-க்கு 1 என்ற அளவு வரை ஏற்றம் உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறும். ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை. பாதுகாப்புக்காகப் பின்னாலிருந்து தள்ளுகிறது. மலையேறும் ரயிலை முக்கால் பார்வையில் முன்னிருந்து எடுப்பவருக்குக் கிடைப்பது எஞ்சினன்று. பெட்டியும் அதன் முகப்பு மேடையில் கொடியுடன் நிற்கும் பிரேக் பணியாளரும்தான். பீப் வழிவந்த நடுவர் இதைக் குறை என்பார். அந்தப் பாதையை அறிந்தவருக்கோ அதுவே சரியான படம். மதிப்பிடுபவருக்குக் கேமராவைப் போலவே ரயிலும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நீலகிரி உணர்த்துகிறது.

தண்டவாளத்தில் நின்று எடுத்த படம்

எல்லா அளவுகோல்களுக்கும் முன் வருவது பாதுகாப்பு. தொலைநோக்கு லென்சின் வழியே பார்ப்பவருக்கு ரயிலின் வேகமும் தொலைவும் சரியாகப் புலப்படுவதில்லை. எதிர்த்தடத்தில் வரும் வண்டியின் ஓசை காதில் விழாமலும் போகும். அமெரிக்காவில் 1972-இல் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய ‘ஆபரேஷன் லைஃப்சேவர்’ இயக்கம் தண்டவாளத்தில் படம் எடுப்பதற்கு எதிராகப் பரப்புரை செய்கிறது. இந்தியாவில் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு ரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது.

தண்டவாள நடுவில் நின்று எடுத்தது என்று தெளிவாகத் தெரியும் படத்துக்குப் பரிசளித்தால், அடுத்த போட்டிக்கு அதே இடத்தில் பத்துப் பேர் நிற்பர். இங்கு நடுவரின் தீர்ப்பு ஒரு படத்தோடு முடிவதில்லை. நடைமேடையிலிருந்தும் மேம்பாலத்திலிருந்தும் பொதுச் சாலையிலிருந்தும் எடுத்த படங்கள் எத்தனையோ வரலாற்றில் நிலைத்துள்ளன. சட்டத்துக்கும் உயிருக்கும் கேடு விளைவிக்கும் படத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், போட்டியிலிருந்து விலக்குவது பொறுப்புள்ள நடுவரின் முதற்கடமை.

மதிப்பீடு

150 ஆண்டுகளுக்கும் மேலான இவ்வரலாற்றில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறது. ரயில் தெளிவாகத் தெரிகிறதா என்று பீப்பின் தலைமுறை கேட்டது. யாருடைய உழைப்பு என்று டெலானோவின் படங்கள் கேட்டன. எவ்வளவு உண்மை என்ற கேள்வியை லிங்க் எழுப்பினார். யார் விடுபட்டனர் என்று கார்க்கி லீ கேட்டார். பிந்திய கேள்வி முந்தியதை நீக்கவில்லை. நட்புக்காக நடத்தப்படும் ஒரு சிறு போட்டியின் நடுவரும் இவை நான்கையும் கேட்டாக வேண்டும். இன்று பரிசு பெற்றுப் பலராலும் பகிரப்படும் படமே நாளைய மாணவருக்கு நம் காலத்து ரயில்வே இப்படித்தான் இருந்தது என்று சொல்லும். தேர்வில் விடுபடும் படமும் அதிலுள்ள மனிதரும் மறக்கப்படக் கூடும்.